மெயினை அணைத்தால் மட்டும் போதுமா?

விடிகாலை ஐந்தரை மணி. பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் ஒரு குறுகிய சந்து. மூன்று குடித்தனங்கள் வசிக்கும் பழைய மாடி வீடு. கீழ்ப் போர்ஷனில் குடியிருக்கும் பெண், பள்ளிக்கூடம் போகும் மகனைக் குளிப்பாட்டுவதற்காகக் கீசரைப் போடுகிறாள். தண்ணீர் சுட்டதும் குழாயைத் திறக்கக் கை வைக்கிறாள். விரல் நுனியில் 'சுருக்'கென்று எறும்பு கடித்தாற்போல் ஓர் உணர்ச்சி!

கையை உதறிக்கொண்டு வெளியே வருகிறாள். மாடியிலிருந்து இறங்கி வரும் வீட்டுக்காரரிடம், "குழாயிலே ஷாக் அடிக்குதுங்க" என்கிறாள்.

"மழைக்காலத்திலே அப்படித்தான் இருக்கும்மா. ரப்பர் செருப்பைப் போட்டுக்கிட்டுக் குளிங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டுகிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் ஸ்ரீராமபுரம், அல்சூர், சிவாஜி நகர், விவேக் நகர் என்று பழைய வீடுகள் நெருக்கமாக உள்ள எந்தப் பகுதியில் வேண்டுமானாலும் காதில் விழக்கூடிய பேச்சு இது. அந்த எறும்புக்கடி ஓர் எச்சரிக்கை. இன்றைக்கு எறும்பு; ஈரக்காலோடு அந்தச் சிறுவன் குழாயைப் பிடிக்கும் நாளில் அது எமனாகவும் ஆகலாம்.

வீட்டில் மின்சாரம் இருக்கிறது. அதை அடக்கி வைக்கும் காவல் இருக்கிறதா? இருந்தால் அது வேலை செய்கிறதா? பல வீடுகளில் இந்தக் கேள்விக்கு விடை தெரியாது.

தங்கவயலுக்கு வந்த மின்சாரம்

மின்சாரம் நம் மக்களுக்குப் புதியது அல்ல. 1902-ம் ஆண்டு காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் உற்பத்தியான மின்சாரம், சுமார் 147 கிலோ மீட்டர் தூரம் கம்பி வழியே பயணம் செய்து கோலார் தங்கவயலை அடைந்தது. அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய சாதனை. மைசூர் திவானாக இருந்த சர் கே. சேஷாத்ரி ஐயர் காலத்தில் உருவான திட்டம் அது. திட்டம் நிறைவேறுவதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை, 1901-ல் காலமாகிவிட்டார். சுரங்கத்தில் இறங்கிப் பாடுபட்ட தொழிலாளர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள். பெங்களூர் வீதிகளில் மின் விளக்கு எரிந்தது அதற்குப் பிறகுதான், 1905-ல்.

ஆக, இந்த மண்ணில் மின்சாரத்தின் வயது நூற்றிருபதுக்கும் மேல். வீடுகளில் உள்ள வயரிங்கும் சில இடங்களில் தாத்தா காலத்தது. மரப் பட்டை மேல் ஓட்டிய வயர், கறுப்பு நிற உருண்டைச் சுவிட்சு, இரும்புப் பெட்டி மெயின், பீங்கான் பியூஸ் கட்டை. அந்த வயரிங் போட்ட நாளில் வீட்டில் நாலு பல்பும் ஒரு விசிறியும்தான் இருந்தன. இன்று அதே வயரில் கீசர், மிக்சி, வாஷிங் மெஷின், பிரிட்ஜ், இண்டக்ஷன் அடுப்பு எல்லாம் தொங்குகின்றன. 2,000 வாட் கீசர் ஒன்றே 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். இண்டக்ஷன் அடுப்பும் கிட்டத்தட்ட அவ்வளவே. இரண்டும் சேர்ந்து ஓடினால் 17 ஆம்பியரைத் தாண்டிவிடும். பாவம், அந்தப் பழைய வயர் என்ன செய்யும்?

கால் ஆம்பியர் போதும்!

ஓர் ஆளின் உயிரைக் குடிக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும்? கேட்டால் திடுக்கிடுவீர்கள்.

ஓர் ஆம்பியரை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு ஒரு மில்லி ஆம்பியர். உடம்பில் அந்த அளவு பாய்ந்தால் மெல்லிய கூச்சம் தெரியும். 10 மில்லி ஆம்பியர் அளவில் தசைகள் இறுகிக்கொள்ளும். பிடித்த பொருளைக் கையால் விட முடியாது. 'கரண்ட் பிடித்து இழுத்தது' என்று சொல்கிறோமே, அது இதுதான். மின்சாரம் இழுப்பதில்லை, நம் கைதான் விட மறுக்கிறது. 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போய், அது சிறிது நேரம் நீடித்தால், இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கு ஆபத்து நேரலாம்.

ஈரமான உடம்பின் தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் தாக்கினால் உடம்பில் பாயும் மின்சாரம் 230 மில்லி ஆம்பியர். அதாவது, ஏறத்தாழ கால் ஆம்பியர். ஒரு 60 வாட் குண்டு பல்பு எரிவதற்குத் தேவையான அளவு அவ்வளவே!

பல்பு எரிவதும் ஆள் சாவதும் பியூஸின் கணக்கில் ஒன்றுதான். 5 ஆம்பியர் பியூஸ் கால் ஆம்பியரை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது. இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எளிதாக விளங்கும்.

பியூஸ் யாருக்குக் காவல்?

பியூஸ் என்பது மெல்லிய கம்பி. அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் சூடாகி, உருகி, அறுந்துபோகும். வழி துண்டிக்கப்படும். பியூஸ் போவது கோளாறு அல்ல; கோளாறு ஏற்பட்டதற்கான அறிவிப்பு. அது தன்னைப் பலி கொடுத்து, சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பாற்றுகிறது. வயர் எரிந்தால் வீடு எரியும் அல்லவா?

ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பியூஸ் அடிக்கடி போகிறது என்று, கைக்குக் கிடைத்த கம்பியை எடுத்து முறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். 5 ஆம்பியருக்கான செம்புப் பியூஸ் கம்பியின் கனம் சுமார் 0.2 மில்லி மீட்டர். தலைமுடியை விடச் சற்றே தடிமன். அதற்குப் பதில் ஒரு மில்லி மீட்டர் கனமுள்ள செம்புக் கம்பியைக் கட்டினால் அது உருகுவதற்கு ஏறக்குறைய 80 ஆம்பியர் வேண்டும். சுவருக்குள் இருக்கும் 1.5 சதுர மில்லி மீட்டர் வயரோ 15 ஆம்பியர் அளவைத் தாண்டினாலே தவிக்கத் தொடங்கிவிடும். பிறகு எது முதலில் உருகும்? பியூஸா, வயரா? வயர்தான்! காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டுக் கதவைத் திறந்து போட்ட கதை.

இந்தத் தொல்லைக்கு மாற்றாக வந்ததுதான் எம்.சி.பி. என்னும் தானியங்கிச் சுவிட்சு. 1920-களில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டாட்ஸின் நிறுவனத்தில் உருவானது. இதற்குள் இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு. லோடு கூடினால் அது மெல்லச் சூடாகி வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். மற்றொன்று, மின்காந்தச் சுருள். வயரோடு வயர் உரசி 'ஷார்ட்' ஆனால் அது கண் மூடித் திறப்பதற்குள் இழுத்து அணைத்துவிடும். கம்பி கட்டும் வேலை இல்லை. கோளாறைச் சரி செய்துவிட்டுக் குமிழை மேலே தள்ளினால் போதும்.

வீடுகளில் விளக்கு, விசிறி வழிக்கு 1.5 சதுர மில்லி மீட்டர் செம்பு வயரும் 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி.யும் போடுவது வழக்கம். கீசர் போன்ற பெரிய சாதனத்துக்கு 2.5 சதுர மில்லி மீட்டர் வயரும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் தனியாக வேண்டும். பெரிய ஏ.சி.க்கு 4 சதுர மில்லி மீட்டர் வயர் போடுவது நல்லது. எம்.சி.பி.யின் அளவு வயருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். '16 அடிக்கடி விழுகிறது, 32 போட்டுவிடு' என்பது, பழைய காலத்துத் தடிக்கம்பி வேலையின் புது வேஷம்தான்.

நன்றாகக் கவனியுங்கள்: பியூஸும் எம்.சி.பி.யும் வயருக்குக் காவல். ஆளுக்குக் காவல் அல்ல.

எர்த் இருக்கிறதே, பயம் ஏன்?

"எங்க வீட்டிலே எர்த் போட்டிருக்கு" என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். எர்த் மிகவும் அவசியம். கீசருக்குள் ஹீட்டர் கம்பி கசிந்து பெட்டியில் மின்சாரம் ஏறினால், அதை மண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எர்த் வயர். மூன்று முள் பிளக்கில் மேல் முள் மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது இதற்காகவே. செருகும்போது முதலில் சேர்வதும், பிடுங்கும்போது கடைசியில் விலகுவதும் அந்த எர்த் முள்தான். அதை உடைத்துவிட்டு இரண்டு முள் துவாரத்தில் செருகுவோர் தங்கள் உயிர்க்காவலை உடைத்து எறிகிறார்கள்.

ஆனால் எர்த் மட்டும் போதாது. சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வீட்டு எர்த் குழியின் தடை 5 ஓம் என்றால், கசிவு ஏற்படும்போது மண்ணுக்குள் ஓடும் மின்சாரம் 230-ஐ 5-ஆல் வகுத்தால் 46 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. 46 ஆம்பியரில் உடனே விழாது. வீடுகளில் பரவலாகப் போடப்படும் 'சி' வகை எம்.சி.பி. கண நேரத்தில் விழுவதற்கு அதன் அளவைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் பாய வேண்டும். 46 ஆம்பியரில் தகடு சூடாகி விழ ஒரு நிமிடம் வரை ஆகலாம்.

எர்த் குழி காய்ந்துபோய் தடை 20 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஓடுவது 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழவே விழாது! கீசர் பெட்டியும், அதோடு சேர்ந்த இரும்புக் குழாயும் நாள் முழுவதும் மின்சாரம் ஏறியபடியே நிற்கும்.

இன்னொரு விஷயம். முன்பெல்லாம் பல வீடுகளில் தண்ணீர்க் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்தினார்கள். அன்று அது பூமிக்குள் போகும் இரும்புக் குழாய். இப்போது குழாயை மாற்றிப் பிளாஸ்டிக் போட்டுவிட்டார்கள். குழாயோடு எர்த்தும் போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை.

தங்கச் சுரங்கம் தந்த காவலன்

ஆளுக்குக் காவல் எது? அதற்குத்தான் ஆர்.சி.சி.பி. என்ற சாதனம். பழக்கத்தில் பலர் இதை இ.எல்.சி.பி. என்றே சொல்கிறார்கள்.

இதன் கதையிலும் ஒரு தங்கச் சுரங்கம் வருகிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் மின்சார ஆபத்து பெரும் கவலையாக இருந்தது. ஹென்றி ரூபின் என்ற எஞ்சினீயர் 1955-ல் அதற்காக ஒரு கசிவுத் தடுப்புக் கருவியை அமைத்தார். பிறகு அதை வீட்டுக்கும் ஏற்றபடி இன்னும் நுட்பமாக்கினார். 1957, 1958-ம் ஆண்டுகளில் ஸ்டில்ஃபொன்டெய்ன் என்ற சுரங்க ஊரின் வீடுகளில் சில நூறு கருவிகள் பொருத்தப்பட்டன. சுரங்கத் தொழிலாளியின் குடும்பத்தைக் காப்பாற்ற வந்த கருவி, இன்று உலகம் முழுவதும் வீடுகளைக் காக்கிறது.

அது வேலை செய்யும் விதம் எளிது. வீட்டுக்குள் பேஸ் வழியாகப் போகும் மின்சாரம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வர வேண்டும். கொடுத்த கடன் அப்படியே திரும்புவதுபோல! இரண்டு வயர்களும் ஒரு வளையத்தின் வழியே போகின்றன. போனதும் வந்ததும் சமமாக இருந்தால் வளையம் சும்மா இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும், 'மீதி எங்கே போயிற்று?' என்று கேட்கும். ஒரு மனிதனின் உடம்பு வழியாக மண்ணுக்குப் போயிருக்கலாம் அல்லவா? உடனே இணைப்பைத் துண்டித்துவிடும்.

வீட்டுக்கு ஏற்ற அளவு 30 மில்லி ஆம்பியர். அந்த அளவு கசிந்தால் 0.3 விநாடிக்குள்ளும், அதைப்போல் ஐந்து மடங்கு கசிந்தால் 0.04 விநாடிக்குள்ளும் அது விழ வேண்டும் என்பது தரவிதி. மேலே சொன்ன 20 ஓம் எர்த் வீட்டிலும் இது கண நேரத்தில் விழுந்துவிடும்.

மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகள், வீட்டு இணைப்புகளின் கசிவுத் தடுப்புக் கருவி 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படக் கூடாது என்று வரையறுத்தன. 2023-ல் அந்த விதிகளுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன.

ஆர்.சி.சி.பி.க்கும் எல்லை உண்டு. அதன் மேல் '40 ஆம்பியர்' என்று எழுதியிருந்தால், அது தாங்கக்கூடிய அளவுதான். லோடு கூடினால் அது விழாது. ஆகவே எம்.சி.பி.யும் உடன் இருக்க வேண்டும். இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யும் ஆர்.சி.பி.ஓ. என்ற சாதனமும் கடைகளில் கிடைக்கிறது. பேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு, மண்ணைத் தொடாமல் நிற்பவரை இது காப்பாற்றாது. வளையத்தின் கணக்கில் அவரும் ஒரு பல்பு!

அதன் முகத்தில் 'டி' என்று ஆங்கில எழுத்துப் போட்ட சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் 'டக்'கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் பொம்மை. உடனே மாற்றிவிடுங்கள்.

மெயினை அணைத்தும் ஷாக்!

இனி, தலைப்பில் கேட்ட கேள்வி. பழுது பார்க்கும் முன் மெயினை அணைக்கிறோம். அது மட்டும் போதுமா? போதாது! காரணங்கள் நான்கு.

முதலாவது, பழைய வீடுகளில் பேஸுக்கு ஒரு பியூஸ், நியூட்ரலுக்கு ஒரு பியூஸ் என்று இரண்டு போட்டிருப்பார்கள். நியூட்ரல் பியூஸ் போய்விட்டால் வீடு இருண்டுவிடும். 'கரண்ட் இல்லை' என்று நினைத்துக் கை வைத்தால், பேஸ் வயரில் உயிர் இருக்கும்! அதனால்தான் 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே, நியூட்ரலில் தனியாகப் பியூஸோ சுவிட்சோ போடக்கூடாது, போட்டால் பேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் துண்டிக்கும் இணைப்புச் சுவிட்சாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. இதையே 'டபுள் போல்' என்கிறோம். வீட்டு மெயின், கீசர், ஏ.சி. ஆகியவற்றுக்கு இந்த வகைதான் ஏற்றது. மூன்று பேஸ் வரும் வீட்டில் நியூட்ரல் மட்டும் அறுந்தால், சில வழிகளில் வோல்டேஜ் 400-ஐ நெருங்கி, டி.வி.யும் பிரிட்ஜும் எரிந்துபோவதும் உண்டு.

இரண்டாவது, யு.பி.எஸ். பெங்களூரில் இது இல்லாத வீடு குறைவு. மெயினை அணைத்தால், 'கரண்ட் போய்விட்டது' என்று நினைத்து யு.பி.எஸ். பேட்டரியிலிருந்து மின்சாரம் அனுப்பத் தொடங்கும். விளக்கு, விசிறி வயர்களில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். ஆகவே யு.பி.எஸ். வழிக்கும் தனியாக டபுள் போல் சுவிட்சு வேண்டும். அபார்ட்மெண்டுகளில் ஜெனரேட்டர் வழிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மூன்றாவது, மெயினின் ஒரு பக்கம் அணைந்தாலும் மீட்டரிலிருந்து வரும் மறு பக்கத்தில் மின்சாரம் எப்போதும் உண்டு. அந்தப் பக்கம் பெஸ்காம் நிறுவனத்தின் பொறுப்பு. அங்கே யாரும் கை வைக்கக்கூடாது.

நான்காவது, பல குடித்தன வீடுகளில் பக்கத்துப் போர்ஷனிலிருந்து இழுத்த இரவல் வயர். மாடிப்படி விளக்கு ஒரு மீட்டரிலும், அதன் நியூட்ரல் இன்னொரு மீட்டரிலும் இருக்கும். ஒரு மெயினை அணைத்தால் மற்றது விழித்திருக்கும்.

எனவே நல்ல வயர்மேன் என்ன செய்வார்? மெயினை அணைப்பார். யு.பி.எஸ்.ஸை அணைப்பார். பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், எம்.சி.பி. ஆனால் பூட்டுவார், அல்லது 'வேலை நடக்கிறது, போடாதீர்கள்' என்று எழுதி ஒட்டுவார். டெஸ்டர் வேலை செய்கிறதா என்று மின்சாரம் உள்ள இடத்தில் பார்ப்பார். வேலை செய்யும் இடத்தில் பார்ப்பார். மறுபடி மின்சாரம் உள்ள இடத்தில் பார்ப்பார். டெஸ்டரே பழுதாகி ஏமாற்றலாம் அல்லவா? அதன் பிறகே வயரைத் தொடுவார்.

அடிக்கடி விழுகிறதா?

"அது சும்மா சும்மா விழுது சார். ஒயரை நேரா கொடுத்துட்டோம்" என்று ஆர்.சி.சி.பி.யை ஒதுக்கிவைத்த வீடுகளும் உண்டு. நாய் குரைக்கிறதென்று நாயை விரட்டிவிட்டுத் திருடனை உள்ளே விடுவதுபோலத்தான் இது.

விழுந்தால் காரணம் இருக்கும். எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கி, எல்லா எம்.சி.பி.களையும் அணைத்துவிட்டு, ஆர்.சி.சி.பி.யைப் போட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தால், எதைப் போடும்போது விழுகிறதோ அங்கேதான் கசிவு. கீசரின் பழைய ஹீட்டர், ஈரம் கோத்த சுவர், தண்ணீர் புகுந்த மோட்டார், யு.பி.எஸ். வயரிங்கில் கலந்துபோன நியூட்ரல் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். சாதனங்களின் பிளக்கையும் பிடுங்க வேண்டும் என்பது முக்கியம். நியூட்ரல் மண்ணைத் தொட்டிருந்தால், ஒற்றை எம்.சி.பி.யை அணைத்தாலும் கோளாறு மறையாது.

மின்சார ஸ்கூட்டருக்குச் சார்ஜ் ஏற்ற, விளக்குப் பாயிண்டிலிருந்து நீள வயர் இழுத்து வாசலில் விடுவது இப்போது பெருகியுள்ள புதிய பழக்கம். பல மணி நேரம் தொடர்ந்து லோடு இழுக்கும் வேலைக்குத் தனி வழி, எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயிண்டு, 30 மில்லி ஆம்பியர் காவல் மூன்றும் அவசியம். ஆடித் திருவிழாப் பந்தலுக்கு வீட்டிலிருந்து இணைப்புக் கொடுப்போரும் இதை மறக்கக்கூடாது. ஆயுத பூஜை அன்று மெயின் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைப்பது நம் வழக்கம். பக்தி இருக்கட்டும், ஈர விரலோடு சுவிட்சுகளின் மேல் வைக்காமல், பெட்டியின் மூடியில் வைத்தால் போதும்.

செலவு யாருடையது?

ஸ்ரீராமபுரம் வீட்டுக்குத் திரும்புவோம். அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. கீசரை அணைத்துவிட்டு, அடுப்பில் வெந்நீர் வைத்து மகனைக் குளிப்பாட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வேலைக்கு வந்துபோகும் வயர்மேன் ஒருவரை அழைத்து வந்தாள். அவர் கீசர் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தார். எர்த் வயர் இருந்தது. ஆனால் அதன் மறுமுனை எங்கும் சேரவில்லை. சுவருக்குள்ளேயே வெட்டி விடப்பட்டிருந்தது.

"அக்கா, இந்தக் கீசரைத் தொடாதீங்க. ஹீட்டர் கசியுது, எர்த்தும் இல்லே" என்றார்.

வீட்டுக்காரர் வந்தார். "என்ன தம்பி, எவ்வளவு செலவு வைக்கப் போறே?"

"எர்த் குழி ஒண்ணு போடணும் சார். ரெண்டரை மீட்டர் குழாய் இறக்கணும். மூணு போர்ஷனுக்கும் தனித்தனியா ஆர்.சி.சி.பி., டபுள் போல் மெயின் போடணும்."

"குடியிருக்கறவங்க போடட்டுமே. நான் ஏன் போடணும்?"

"மிக்சி, கீசர் அவங்களோடது சார். சுவத்துக்குள்ளே ஓடற வயரும் எர்த்தும் உங்களோடது. அவங்க காலி பண்ணிட்டுப் போனா அதைக் கழட்டிக்கிட்டா போகப் போறாங்க? மாடியிலே நீங்களும்தானே குடியிருக்கீங்க? உங்க பேரப்பிள்ளையும் இதே குழாய்த் தண்ணியிலேதானே குளிக்குது?"

வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு போர்ஷனுக்கான ஆர்.சி.சி.பி.யின் விலை ஒரு நல்ல மிக்சியின் விலைக்குள் வந்துவிடும். பத்து மாத வாடகையை அட்வான்சாக வாங்கும் ஊரில் அது பெரிய தொகை அல்ல.

வேலையை யாரிடம் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். கர்நாடகத்தில் மின்சார ஆய்வுத் துறையின் உரிமம் பெற்ற கான்டிராக்டர், அனுமதிச் சீட்டு உள்ள வயர்மேன் ஆகியோரிடமே வேலையைக் கொடுக்க வேண்டும். வயர், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் பெட்டியின் ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே 'கீசர்', 'சமையலறை', 'விளக்கு' என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அவசரத்தில் எதை அணைப்பது என்று வீட்டுக் குழந்தைக்கும் தெரிய வேண்டும்.

விபத்து நேர்ந்தால்...

யாரையாவது மின்சாரம் தாக்கினால் முதலில் செய்யக்கூடாதது, அவரைக் கையால் பிடித்து இழுப்பது. பாசத்தில் ஓடிப்போய்ப் பிடித்தவர்களும் சேர்ந்து பலியாகிவிடுவார்கள். ஓடிச் சென்று மெயினை அணையுங்கள். அது கைக்கு எட்டாவிட்டால், உலர்ந்த பலகை மேல் நின்று, உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்குங்கள். மூச்சு இல்லாவிட்டால், பழகியவர்கள் மார்பை அழுத்தி முதலுதவி செய்ய வேண்டும். 108 அல்லது 112 எண்ணுக்கு உடனே தகவல் கொடுங்கள். தெருவில் மின்கம்பி அறுந்து கிடந்தால் அருகில் போகாமல் 1912 எண்ணில் மின் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்.

மூன்று வாரம் கழித்து அதே வீடு. அதே விடிகாலை ஐந்தரை மணி. புதுப் பெட்டி சுவரில் இருக்கிறது. அன்று மாதத்தின் முதல் தேதி. சிறுவன் நாற்காலி போட்டு ஏறி, அம்மா பக்கத்தில் நிற்க, 'டி' பொத்தானை அழுத்துகிறான்.

'டக்!'

வீடு ஒரு கணம் இருட்டாகிறது. அவள் குமிழை மேலே தள்ளுகிறாள். விளக்கு எரிகிறது.

"இப்போ போய்க் குளி" என்கிறாள்.

உங்கள் வீட்டில் அந்தப் பொத்தானைக் கடைசியாக அழுத்தியது எப்போது?